அறுபத்து மூன்றாம் கல்

அந்த மாநில நெடுஞ்சாலை இரண்டு முறை இடம் மாறியது. முதலில் ஆற்றை ஒட்டிப் போனது. வெள்ளம் இரண்டு தடவை அரித்துத் தின்றதும் மேட்டில் ஏறி, கடைத்தெரு வழியாகச் சுற்றியது. அந்தச் சுற்றில்தான் கல்லுக்காரர் வீடு. வாசலில் எட்டிக் கால் வைத்தால் அறுபத்து மூன்றாம் கல். கிலோமீட்டர் கற்களுக்கு வெள்ளையடித்து, கறுப்பில் எண் போடுவது அவர் வேலை. எண்ணைத் தவிர ஓர் எழுத்தும் எழுதத் தெரியாது.

அவருக்குத் தாயும் தகப்பனும் அக்காதான். தம்பி வயிறு வாடக் கூடாதென்று தனக்கொரு கல்யாணமே வேண்டாமென்று இருந்தவள், தூரத்து நகரத்தில் ஒரு டாக்டர் வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனாள். புறப்பட்ட அன்று கல்லைத் தடவிப் பார்த்தாள்.

"ஆறு வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது. மூணு, காது மாதிரி. போதும்டா, கண்டுபிடிச்சு வந்துருவேன்."

"கண்டக்டர்கிட்ட சொன்னா இறக்கிவிட மாட்டானா அக்கா?"

"அவன் தூங்கிட்டா? உன் எழுத்து தூங்காது."

இருபத்திரண்டு வருஷம் அவளுக்கு ஊர் வர வாய்க்கவில்லை. தம்பிதான் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உடம்பு தள்ளாமல் போனால் நேரே உன் வீடுதான் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லியனுப்பினாள்.

பிறகு, சுற்று எதற்கு என்று வயலுக்கு நடுவே சாலையை நேராக வெட்டினார்கள். ஒன்பது கிலோமீட்டர் மிச்சம். கடைத்தெருவுக்குப் பஸ் வருவதும் நின்றது. வழி குறைந்ததும் எண்கள் தள்ளிப் போயின. அறுபத்து மூன்று எங்கோ பொட்டல் வெளியில் போய் நின்றது. வாசல் கல்லைப் பெயர்த்ததும் கல்லுக்காரர்தான், பொட்டலில் புதுக் கல்லுக்கு எண் எழுதியதும் அவர்தான். அன்று சாயங்காலம் சாலை வேலை மேஸ்திரியிடம் போனார்.

"மேஸ்திரி, அக்காவுக்கு ஒரு கடிதாசி எழுதித் தரணும். ரோடு மாறிப்போச்சுன்னு."

"ஊரு கல்லெல்லாம் எழுதறவனுக்கு நான் எழுதித் தரணுமா?"

"நம்பர்தான வரும் எனக்கு."

"ஞாயித்துக்கிழமை வா, எழுதறேன்."

அந்த ஞாயிறு மேஸ்திரிக்குக் காய்ச்சல். அடுத்த ஞாயிறு கல்லுக்காரருக்கு வேலை. அவசரமில்லை என்று இருவருமே இருந்துவிட்டார்கள்.

மறு மாதம் பொட்டல் கல்லுக்கு இரண்டாம் பூச்சு அடிக்கப் போனார். எதிரே புதிதாகப் போட்ட டீக்கடைக்காரர் பேச்சுக் கொடுத்தார்.

"போன வாரம் ஒரு அம்மா, நிறுத்து நிறுத்துன்னு பஸ்ஸ நிறுத்தி இறங்குச்சு. தம்பி வீடு எங்கேன்னு கேட்டுச்சு. இங்க வீடே கிடையாதும்மான்னேன்."

"அப்புறம்?"

"கல்லத் தொட்டுப் பாத்துட்டு, இது அவன் எழுத்துதான்னுச்சு. பொழுது சாயிற வரைக்கும் பெட்டிமேலயே உக்காந்திருந்துச்சு. வீட்ட இடிச்சுட்டாங்களா, என் தம்பி உசுரோட இருக்கானான்னு என்னக் கேக்குது. நான் ஊருக்குப் புதுசு, எனக்கென்ன தெரியும்? இருட்டுற நேரம் ஏதோ பஸ்ல ஏறிடுச்சு."

"எந்தப் பக்கம் போற பஸ்?"

டீக்கடைக்காரர் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். "வியாபார நேரம்ண்ணே. கவனிக்கல."

தூரிகையைக் கழுவக்கூட இல்லை. அப்படியே நகரத்துக்குப் பஸ் ஏறினார். டாக்டர் வீட்டம்மா கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்தாள்.

"வாங்க வாங்க. அக்கா சௌக்கியமா வந்து சேர்ந்தாங்களா? தம்பி வீடு, தம்பி வீடுன்னு ஒரே பறப்பு."

"வந்தாங்கம்மா," என்றார். படியிறங்கி, பஸ் நிலையத்தில் ஒவ்வொரு பெஞ்சாகப் பார்க்கப் போனார்.