வலையைப் பிடித்தவர்

தஞ்சாவூர் கிளப்பில் பல வருஷமாகப் பூப்பந்து ஆடுகிறேன். அங்கே சுவரில் ஒரு பழைய படம் உண்டு, வெள்ளைக்காரன் காலத்துச் சாம்பியன்ஷிப் போட்டி. இறுதி ஆட்டத்தின் நடுவில் வலை கட்டிய மூங்கில் கம்பம் ஒன்று முறிந்துவிட்டது. வேறு கம்பம் தேட யாருக்கும் பொறுமை இல்லை. பண்ணையாள் ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தி, கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆட்டம் முடியும்வரை வெயிலில் அவர்தான் கம்பம். என் கொள்ளுத்தாத்தா.

போன வாரம் படத்தைக் கம்ப்யூட்டரில் புதுப்பித்து மாட்டியிருந்தார்கள். அவரைக் காணோம். செயலாளரிடம் கேட்டேன்.

"குறுக்க யாரோ வேலையாளு நின்னாரு சார். கண்ண உறுத்துச்சு, எடுத்துட்டோம். இப்ப பளிச்சுனு இருக்கு பாருங்க."

பார்த்தேன். கம்பமும் இல்லாமல் ஆளும் இல்லாமல் வலை அந்தரத்தில் நிற்கிறது. அது மட்டும் ஒருத்தர் கண்ணையும் உறுத்தவில்லை.