மூன்றாம் மாடிக்கு வந்த கேஸ் குழாய்

எங்கள் தெருவைத் தோண்டினால் எனக்குப் பொதுவாகக் கோபம்தான் வரும். குடிநீருக்கு ஒரு முறை, சாக்கடைக்கு ஒரு முறை, கேபிளுக்கு ஒரு முறை என்று சிங்காநல்லூரில் எங்கள் தெரு வாங்காத வெட்டு இல்லை. ஆனால் அந்தப் புதன்கிழமை பள்ளி விட்டு வந்தபோது, குழியோரம் மஞ்சள் குழாய் சுருள் சுருளாகக் கிடந்ததைப் பார்த்ததும் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு வீடு குழாயில் சமையல் கேஸ்! நான் அறிவியல் டீச்சர். வாயுக்களைப் பற்றி இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அது இப்போது என் வாசலுக்கே வந்து நிற்கிறது. குழிக்குள் நின்றவரிடம், "மூணாம் மாடிக்கெல்லாம் ஏறுமுங்களா?" என்று கேட்டேன்.

"பத்தாம் மாடிக்கே ஏறுதுங்க. மூணு என்னங்க பெருசு?" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவ்வளவு பரபரப்புக்குக் காரணம் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. கனமாக எதையும் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் கிடையாது. சிலிண்டர் போடுபவர் மேலே கொண்டுவந்து வைக்கத் தயார்தான். ஆனால் நான் பள்ளியில் இருக்கும் நேரம் பார்த்து இவர், "நீங்க கீழயே வெச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிடுவார். முப்பது வருடம் மில்லில் ஃபிட்டராக இருந்த மனுஷனுக்கு, தன் வீட்டுச் சிலிண்டரை இன்னொருவர் தூக்குவது கௌரவக் குறைச்சல். கேட்டால் "அவருதான் வெச்சுட்டுப் போனாரு" என்று சாதிப்பார். பனியன் தோளில் மட்டும் சிவப்புப் பெயிண்ட் ஒட்டியிருக்கும். கத்தியிருக்கிறேன், அழுதிருக்கிறேன், ஒன்றும் பலிக்கவில்லை.

மறுநாளே கேஸ் கம்பெனி மேற்பார்வையாளரை வீட்டுக்கு வரவழைத்துவிட்டேன். ஆதார், வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் எல்லாவற்றையும் அவர் கேட்பதற்கு முன்பே மேசைமேல் அடுக்கி வைத்திருந்தேன். சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார், ஜன்னலை அளந்தார். "இந்த கேஸ் காத்தை விட லேசுங்க, அதனால..." என்று ஆரம்பித்தார்.

"கசிஞ்சா மேல போகும், அதனால சுவத்துல உசரத்துல ஒரு தொறப்பு வேணும்" என்று நான் முடித்தேன்.

"நீங்களே எங்க வேலைக்கு வந்துருங்க டீச்சர்" என்றார்.

வெந்நீருக்கும் ஒரு இணைப்பு கேட்டேன். கேஸ் ஹீட்டரைக் குளியலறைக்குள் வைக்கக் கூடாதாம். காற்றோட்டமுள்ள பின் பால்கனியில் மாட்டி, அங்கிருந்து குழாய் இழுக்க வேண்டுமாம். மார்கழியில் குழாயைத் திருகினால் சுடுதண்ணீர்! மனதுக்குள் நான் குளித்தே முடித்துவிட்டேன்.

அப்போதுதான் அவர் ஒரு படிவத்தை நீட்டினார். குழாய் எங்கள் சமையலறைக்கு நேர் கீழே உள்ள மூன்று வீட்டுச் சுவர்கள் வழியாக ஏற வேண்டும். மூன்று வீட்டுக்காரர்களும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமைக்குள் படிவம் வராவிட்டால் குழியை மூடிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். திரும்ப எப்போது வருவார்கள் என்று அவருக்கே தெரியாது.

தரைத்தள வீட்டுக்காரர், "வெடிச்சுப்போடாதுங்களே?" என்று நாலு தடவை கேட்டுவிட்டுப் போட்டார். முதல் மாடிக்காரர் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து, குழாய் அக்கினி மூலையில்தான் ஏறுகிறது என்று உறுதி செய்துகொண்டு சந்தோஷமாகவே போட்டார். இரண்டாம் மாடிக் கதவுக்கு முன்னால் என் கால் நின்றுவிட்டது.

தப்பு என்னுடையது. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் மகள் கல்யாணத்துக்கு, சத்தியமங்கலம், பெருந்துறை என்று அலைந்து, தூரத்துச் சொந்தத்தைக்கூட இருவருமாகப் போய்த் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தோம். இரண்டாம் மாடி வீட்டு அக்காவுக்கு மட்டும், படிக்கட்டில் தினமும் பார்க்கிறோமே, தனியாக என்ன என்று பத்திரிகையை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் செய்கிற காரியமா அது? கல்யாணத்துக்கு அவர்கள் வரவில்லை. அன்றிலிருந்து பேச்சும் இல்லை. படியில் எதிர்ப்பட்டால் அவர் போனைப் பார்ப்பார், நான் பைக்குள் எதையாவது துழாவுவேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, வீம்பு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டுச்சேலை கட்டினேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம்; தட்டுக்கு அடியில் படிவம். "நீ மட்டும் போய்ட்டு வா" என்று இவர் நழுவப் பார்த்தார். விடவில்லை. வேட்டி கட்ட வைத்துக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்த அக்கா தட்டைப் பார்த்துத் திகைத்துப்போனார். நான் மூச்சுவிடாமல் சொன்னேன்: "எங்கூட்டுக்குக் கொழாயில கேஸ் வருதுங்கக்கா. அடுப்புப் பத்த வெக்கற அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் வந்து முன்ன நிக்கோணும். கல்யாணத்துக்கு இப்படி வந்து கூப்புட்டிருக்கோணும். தப்புப் பண்ணிப்போட்டேன்."

அவர் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். பிறகு என்னை விட்டு இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார்.

"கொழாய் வந்தாச் சந்தோசம்தானுங்க அம்மணி. ரெண்டு மாசத்துக்கு முந்தி உங்க ஊட்டுக்காரரு இந்த வாசல்லதான் சிலிண்டரை எறக்கி வெச்சுட்டு, நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்துட்டாரு. வேர்த்துக் கொட்டுது. தண்ணி குடுத்தேன். எங்கூட்டுக்காரருதான் சிலிண்டரை மேல கொண்டாந்து வெச்சாரு. டீச்சருகிட்டச் சொல்லிப்போடாதீங்கன்னு கும்புட்டாரு. எனக்கு மனசு கேக்கல. சாயங்காலம் மேல வந்து பெல்லுல கை வெச்சேன். அப்புறம், நம்மளை முறையாக் கூப்புடாத ஊடாச்சேன்னு திரும்பிட்டேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "அன்னிக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா, என்ன பண்ணியிருப்பேன் அம்மணி?"

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இவர்மேல் வந்தது, பிறகு என்மேல் வந்தது, அப்புறம் அக்கா தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன். முதல் மாடிக்காரர் சொல்லியிருப்பார் போல, அவர் என் கையிலிருந்த படிவத்தைத் தானே உருவி, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலை முதல் வேலையாக இவரை டாக்டரிடம் இழுத்துப் போனேன். ஈசிஜி சரியாக இருந்தது. திட்டுதான் ஏகத்துக்கும் விழுந்தது. வரும் வழியில் மேற்பார்வையாளரிடம் படிவத்தைக் கொடுத்தேன். அடுத்த வாரம் சுவரில் ஓட்டை போட்டார்கள், மீட்டர் மாட்டினார்கள், இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தார்கள், குழாய் கேஸுக்கு ஏற்றபடி அடுப்பின் நாசிலை மாற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் நான் பக்கத்திலேயே நின்று கேள்வி கேட்டு அவர்கள் உயிரை வாங்கினேன்.

அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வந்து முன்னால் நிற்க, நீலச் சுடர் குப்பென்று வந்தது. நான் கை தட்டினேன். வெட்கமே இல்லாமல், என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி கை தட்டினேன். முதல் பாலைக் காய்ச்சிக் காபி போட்டு எல்லோருக்கும் கொடுத்தேன்.

மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது இரண்டாம் மாடியில் நின்றேன். எங்கள் வீட்டு மாற்றுச் சாவியை அக்கா கையில் வைத்தேன்.

"நான் இல்லாதப்ப இவரு சத்தம் எதாச்சும் கேட்டுதுன்னா, பெல் அடிச்சுட்டு நிக்காதீங்கக்கா. தொறந்துட்டு உள்ள போயிருங்க."

அவர் தன் வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து, அதில் எங்கள் சாவியையும் கோத்துக்கொண்டார்.