கேஸுக்குப் போட்ட கையெழுத்து

எழுபது வயதில் எழுதக் கற்றுக்கொண்ட நான், இன்று முதல்முறையாகக் கையெழுத்துப் போட்டேன்.

என் மகள் வேதியியல் டீச்சர். தனிமங்களை ஒவ்வொன்றாக வீட்டு அலமாரியில் சேர்க்கிறாள். இன்று கூரியரில் குளோரின் வந்தது. வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கி, விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் விட்டு, வாயை நெருப்பில் உருக்கி மூடியிருந்தார்கள்.

கூரியர்காரர், "பெட்டியில என்னங்க?" என்றார்.

"கேஸுங்க" என்று சொல்லி, நிதானமாகக் கையெழுத்திட்டேன்.

அரை மணியில் விவசாயச் சங்கத் தலைவர் வந்துவிட்டார். பழைய பண்ணையாரின் பேரன். வயலில் கேஸ் கிணறு தோண்ட யாரும் கையெழுத்திடக் கூடாது என்று கோயிலில் எங்களிடம் சத்தியம் வாங்கியவர்.

"காத்தமுத்து, கேஸுக்குக் கையெழுத்துப் போட்டீங்களாமே? நிலத்தைக் குடுத்துட்டீங்களா?"

குழாயைக் கையில் கொடுத்தேன். "இதுதாங்க. உடைச்சிடாதீங்க, உள்ள இருக்கறது விஷம்."

மெதுவாகக் கீழே வைத்தார். "இனிமே எதுல கையெழுத்துப் போட்டாலும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

சரிங்க என்றேன்.

அவர் தாத்தா நீட்டிய காகிதங்களில் நான் கைநாட்டு வைத்த காலத்தில், அவை என்ன காகிதங்கள் என்று யாரும் விசாரிக்க வந்ததில்லை.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எழுதுங்கள், எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன்.