எல்லாம் மேலே பத்திரமாக இருக்கும் என்றார்கள்

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைச் சுற்றி அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. புத்தகத் தமிழை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்களால் இந்த ஊரில் அரைக் கிலோ தக்காளிகூட ஒழுங்காக வாங்க முடியாது. அதனால் மனிதர்கள் நிஜமாகப் பேசுவதை, பேசுகிறவர்களிடமே அனுமதி கேட்டுக்கொண்டு பதிவு செய்து, அதையே பாடமாக்கினேன். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் சில்லறைக்காகக் கண்டக்டர் அலுத்துக்கொள்வது, வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வராத அன்று பெண்கள் பேசிக்கொள்வது, பூக்கடைக்காரரும் அவர் மனைவியும் கடை முன்னால் போட்ட சண்டை. சண்டையைப் பாடமாக வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். இப்படிச் சேர்த்தது பல வருட உழைப்பு.

லேப்டாப்பில் இடம் போதாமல் போனபோது, அதை வாங்கிய கடைக்கே எடுத்துச் சென்றேன். கடைக்காரர் ஒரு கிளவுட் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, பேக்கப்புக்கு அதுதான் சரி என்றார். அங்கேயே கணக்கும் தொடங்கிக் கொடுத்தார்.

"எல்லாம் தானா மேல போயிடும் மேடம். லேப்டாப் உடைஞ்சாலும் கவலை இல்ல, மேல பத்திரமா இருக்கும்."

அந்த நிறுவனத்தின் பக்கத்திலும் பெரிய எழுத்தில் பாதுகாப்பு, பாதுகாப்பு என்றுதான் இருந்தது. நம்பினேன். பதிவுகள் எல்லாம் ஏறிவிட்டதாகப் பச்சை நிறத்தில் குறி காட்டியதும், இடத்துக்காக லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டேன். மேலேதான் இருக்கிறதே.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதிய மாணவிக்காகப் பஸ் பாடத்தைத் தேடினேன். கணக்கைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. தவறி வேறு கணக்குக்குள் வந்துவிட்டேனோ என்று வெளியே போய் மறுபடி நுழைந்தேன். அதே வெறுமை. அன்று வகுப்பை எப்படி நடத்தினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

நிறுவனத்தைத் தொடர்புகொள்ளத் தொலைபேசி எண் எதுவும் கிடையாது. ஒரு பெட்டிக்குள் எழுத வேண்டும். என் கேள்வியைப் புரிந்துகொள்ளாத இயந்திரம், உங்களுக்கு உதவுவதில் மகிழ்ச்சி என்று திரும்பத் திரும்ப மகிழ்ந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு மனிதர் வந்து விளக்கினார். அது பேக்கப் இல்லையாம், சிங்க்காம். லேப்டாப்பில் என்ன இருக்கிறதோ அதையேதான் அங்கும் வைத்திருக்குமாம். நான் இங்கே அழித்ததும் அங்கேயும் அழிந்துவிட்டது. குப்பைத் தொட்டியில் சில வாரம் வைத்திருந்துவிட்டு, அதையும் காலி செய்துவிட்டார்கள். விதிமுறைகளில் எழுதியிருக்கிறது என்றார். நான் போய்ப் பார்த்தேன். எழுதித்தான் இருந்தது, யாரும் போகாத பக்கத்தில், யாரும் படிக்காத எழுத்தில். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு மட்டும் அவ்வளவு பெரிய எழுத்து.

கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் கணவர் மாலையில் வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே வரியில் முடித்தார்.

"நீதான அழிச்ச?"

கடைக்காரரும் அடுத்த நாள் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. "நீங்க டெலிட் பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க மேடம்." இடமில்லை என்றுதானே அவரிடம் வந்தேன். அழிக்காமல் எப்படி இடம் வரும்? கேட்டேன். அவர் அடுத்த வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பூட்டே இல்லாத பெட்டியைப் பூட்டு என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, திருட்டுப் போனதும் நீ ஏன் நம்பினாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

பழைய மாணவர்களுக்கு எழுதினேன், யாரிடமாவது பாடங்கள் மிச்சம் இருக்கிறதா என்று. நாலா பக்கமிருந்தும் வர ஆரம்பித்தன. ஜெர்மனியிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ், கண்டக்டரின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் தன் குரலில் "சில்ரா இல்லியா" என்று சொல்லிப் பழகியதையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். அதைக் கேட்டு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. பூக்கடைச் சண்டை மட்டும் யாரிடமும் இல்லை. மறுபடி பேசித் தர முடியுமா என்று அவர்களிடம் போனேன். மனைவி உடனே தயார், பூக்கடைக்காரரும் ஒத்துக்கொண்டார். ஆனால் இரண்டு பேரும் நாடகம் மாதிரி மாற்றி மாற்றி மெதுவாகப் பேசினார்கள். பாடத்துக்கு ஆகவில்லை.

பிறகுதான் ஒழுங்காக ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன். இலவசமாக எவ்வளவோ இருக்கிறதே என்றார் கணவர். இலவசமோ காசோ, எனக்கு என் கேள்விக்குப் பதில் வேண்டும் என்றேன். ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர் தொலைபேசியில் வந்தார்.

"எங்ககிட்ட ஸ்பேஸ் ஜாஸ்தி மேடம், ரேட் கம்மி."

"நான் லேப்டாப்ல அழிச்சா உங்ககிட்ட இருக்குமா, இருக்காதா?"

"ஃபேமிலி பிளான்ல அஞ்சு பேர் வரைக்கும் சேரலாம் மேடம்."

"அதை நான் கேக்கலீங்க."

மேலதிகாரியிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிடவே இல்லை. இன்னொரு நிறுவனம் உங்கள் தேவைக்கேற்ற தீர்வு என்று ஒரு விளம்பரத்தையே பதிலாக அனுப்பியது. தான் விற்கும் பொருள் என்ன செய்யும் என்று சொல்லத் தெரியாதவர்களிடம் ஊரே தன் கல்யாணப் படத்தையும் பத்திரத்தையும் கொடுத்து வைத்திருக்கிறது.

ஒரே ஒரு சிறிய நிறுவனம் நேராக எழுதியது. நீங்கள் அழித்தாலும் எங்களிடம் இருக்கும், நீங்களே இங்கு வந்து தனியாக அழித்தால்தான் போகும், பணம் கட்டத் தவறினால் இத்தனை நாள் பொறுப்போம், அதற்குள் எடுத்துக்கொள்ளலாம். அதையும் நான் உடனே நம்பிவிடவில்லை. எங்கள் குக்கர் விசில் சத்தத்தைப் பதிவு செய்து ஏற்றினேன், லேப்டாப்பில் அழித்தேன், இரண்டு மாதம் காத்திருந்தேன். பிறகு கணவரின் போனிலிருந்து உள்ளே போய் இறக்கினேன். விசில் அடித்தது. அதன் பிறகுதான் பாடங்களை ஏற்றினேன். ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டு, கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தங்கை வீட்டு பீரோவில் வைத்துவிட்டேன்.

இப்போது கணவரின் அலுவலகத்திலிருந்து யாராவது ஒருவர் வாரம் தவறாமல் கூப்பிடுகிறார், எதில் சேரலாம் என்று. தேவையில்லாத படம் ஒன்றை ஏற்றி, போனில் அழித்து, கொஞ்ச நாள் கழித்து இருக்கிறதா என்று பாருங்கள் என்கிறேன். அவ்வளவு பொறுமை யாருக்கும் இல்லை. போன வாரம் பேசியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரிங்க மேடம், ஃப்ரீயா எது கிடைக்குது?" என்றார். போனை வைத்துவிட்டு வகுப்புக்குக் கிளம்பினேன், வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே.