மெதுவாக நடப்பவர் முன்னால்

போன வாரம் ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் எங்களைப் பார்த்து முழித்தார். முழிக்க மாட்டாரா? கழுத்தில் மாலை, இடுப்பில் பச்சை வேட்டி, தோளில் பை... பழனிக்குப் பாதயாத்திரை போகிற இரண்டு பேர், திண்டுக்கல் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறோம்.

"ஏனுங்க சாமி, பழனி அந்தப் பக்கமுங்க" என்றார், நல்ல மனசோடு.

"தெரியும்ணே. கொஞ்ச தூரம் விட்டுப்போச்சு, எடுக்கப் போறோம்" என்றான் என் நண்பன் செல்வம்.

பிள்ளைகளா, அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்வம் எங்கள் தெருவில் டெய்லர். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் மெலிந்துவிட்டது. நன்றாகவே நடப்பான், ஆனால் மெதுவாக. வாய் மட்டும் வேகம். பதினோரு வருடமாகத் தைப்பூசத்துக்கு எங்கள் தெருக்காரர்கள் ஏழு பேர் திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு நடக்கிறோம். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம். மெதுவாக நடப்பவர் முன்னால். அவரை யாரும் தாண்டக் கூடாது.

ஏன்? யோசித்துப் பாருங்கள். அவர் கடைசியில் வந்தால் என்ன ஆகும்? முன்னால் போனவர்கள் நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கால் நீட்டி, கதையும் பேசி முடித்திருப்பார்கள். அப்போதுதான் இவர் வந்து சேர்வார். உடனே "வந்துட்டியா, கிளம்புவோம்" என்று எழுந்துவிடுவார்கள். ஆக, யாருக்கு ஓய்வு அதிகம் வேண்டுமோ அவருக்கு ஓய்வே கிடையாது! அவரை முன்னால் விட்டால் இந்த வம்பே இல்லை. ஒன்றாக உட்காரலாம், ஒன்றாக எழலாம்.

இரண்டு வருடம் முன்பு எங்களோடு நடந்த ஒரு தம்பி வீடியோ எடுத்துப் போட்டார். அது ஓடு ஓடென்று ஓடியது. போன வருடம் நாற்பது பேர். இந்த வருடம் நூற்றைம்பது!

வரட்டும். ரோடு என்ன எங்கள் வீட்டுச் சொத்தா? ஆனால் ஆள் வந்தால் கூடவே டீஷர்ட் வருகிறது. பேனர் வருகிறது. விசில் வருகிறது. விசில் ஊதுவதற்குக் கார்த்தி என்று ஒரு கோ-ஆர்டினேட்டர் வருகிறார். பின்னாலேயே ஸ்பீக்கர் கட்டிய லோடு ஆட்டோ. இத்தனை மணிக்கு இந்த ஊர் என்று ஒரு ஷெட்யூல் வேறு.

வழியெல்லாம் அன்னதானப் பந்தல். ரெட்டியார்சத்திரம் போவதற்குள் கேசரி, சுண்டல், தக்காளி சாதம், ரோஸ்மில்க், மறுபடியும் கேசரி. கொடுக்கிறவர்கள் கையைப் பிடித்து இழுத்துக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவர்கள் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டை ரோட்டிலேயே போடுகிறார்கள். பின்னால் வருகிறவர் வெறுங்காலோடு கேசரியை மிதித்து வழுக்குகிறார். நாம் நடக்க வந்தோமா, பந்திக்கு வந்தோமா?

செல்வம் வழக்கம்போல முன்னால்தான் கிளம்பினான். திண்டுக்கல்லைத் தாண்டுவதற்குள் நூறு பேர் அவனைத் தாண்டிவிட்டார்கள். எங்கள் தெருக்காரர்கள் மற்ற ஐந்து பேரையும் அந்தக் கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. வாட்ச்சைப் பார்த்து ஸ்டெப் எண்ணுகிறவர்களுக்கு எங்கள் சட்டம் எப்படித் தெரியும்? ஒருவர் போகிற போக்கில் அவன் முதுகில் தட்டி, "சூப்பர்ணே" என்றார்.

"இவன் யாருப்பா எனக்கு மார்க் போட?" என்றான் செல்வம்.

அன்றைக்கு மூன்று இடத்தில் ஒரே கதை. நானும் அவனும் போய் உட்காரும்போது விசில் அடிக்கும். உட்கார்ந்திருந்த நூற்றைம்பது பேரும் எழுந்து விடுவார்கள்.

மறுநாள் காலை, ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்தில் லோடு ஆட்டோ எங்களை மறித்து நின்றது. கார்த்தி கெட்ட பையன் இல்லை. கெஞ்சினார். "ஏறிக்கங்கண்ணே. ஒட்டன்சத்திரத்துல இறங்கிக்கலாம். லேட்டாகுது."

"லேட்டானா என்னப்பு? முருகன் கடையை அடைச்சிட்டுப் போயிருவாரா?"

கார்த்தி என்னைப் பார்த்தார். இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். எல்லோரும் முன்னால் போக, நாங்கள் மட்டும் பின்தங்குவது எனக்குக் கூச்சமாக இருந்தது. கூட்டத்தோடு போகவேண்டும் என்று ஆசை.

"ஏறிக்கயேன் மாப்ள... செத்த தூரந்தான" என்றேன்.

செல்வம் என்னையே பார்த்தான். பிறகு ஏறிக்கொண்டான். பேசாத செல்வத்தை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்க்கிறேன்.

மத்தியானம் நான் நடந்து போய், ஒட்டன்சத்திரத்தில் எங்கள் கூட்டம் தங்கியிருந்த மண்டபத்துக்குள் நுழைந்தபோது, பந்தி நடந்துகொண்டிருந்தது. அவன் சாப்பிடவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

"பதினோரு வருசமா ஒரு அடி விடாம நடந்திருக்கேன். இனிமே யாராச்சும் கேட்டா என்ன சொல்ல? நடுவுல கொஞ்சம் ஆட்டோன்னா? நீ இவுகளோட போ மாப்ள. நான் அந்த பங்க்ல இருந்து நடந்து வாரேன்."

விசில் அடித்தது. கூட்டம் பழனிப் பக்கம் நகர்ந்தது. செல்வம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தான். நான் கொஞ்ச நேரம் நடுவில் நின்றேன்... பிறகு அவன் பின்னாலேயே போனேன். அப்படித்தான் அந்தக் கண்டக்டர் கண்ணில் பட்டோம்.

பங்க்கில் இறங்கி, ஆட்டோ நின்ற அதே இடத்தில் காலை வைத்து, அவன் முன்னால் நடக்க ஆரம்பித்தான். எனக்கு அந்தத் தூரம் இரண்டாவது தடவை. தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரோடெல்லாம் பேப்பர் தட்டு. ஆனால் நாங்கள் தனியாக இல்லை. பிள்ளையைத் தோளில் சுமந்த ஒருவர், முட்டிவலி அம்மா ஒருவர் என்று, மற்ற கூட்டங்களில் விடுபட்டவர்கள் ஐந்தாறு பேர் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஒருவரும் செல்வத்தைத் தாண்டவில்லை. அவர்களுக்கு யாரும் சட்டம் சொல்லவில்லை. கால் வலித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை போலிருக்கிறது.

அடுத்த நாள் காலை விருப்பாச்சியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். போன் சிணுங்கியது. வாட்ஸ்அப் குரூப்பில் கார்த்தி ஒரு போட்டோ போட்டிருந்தார். பழனி மலைக்கு முன்னால் பேனர், டீஷர்ட், தூக்கிய கைகள். கீழே ஒரு வரி: 'நம் குழுவினர் அனைவரும் நல்லபடியாக நடந்து வந்து சேர்ந்துவிட்டோம்.' அதற்கு எத்தனை கைதட்டல்!

செல்வத்திடம் காட்டினேன். டீயை உறிஞ்சிக்கொண்டே நிதானமாகப் படித்தான்.

"எல்லாரும் வந்தாச்சாம்ல? அப்ப நாமளும் சாமி கும்பிட்டாச்சு மாப்ள. வீட்டுக்கு பஸ் ஏறுவமா?"

சொல்லிவிட்டு கிளாஸை வைத்தான். பழனி ரோட்டில் முன்னால் நடந்தான். நான் பின்னால்.

பிள்ளைகளா, அடுத்த தடவை பள்ளிக்கூடத்தில் டூர் போகும்போது திரும்பிப் பாருங்கள். கடைசியில் ஒரு பிள்ளை வரும். "சீக்கிரம் வா" என்று கையாட்டாதீர்கள். "சூப்பர்" என்று தட்டியும் கொடுக்காதீர்கள். முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் நடங்கள்.

நேரமாகிவிடும் என்று பயமா? நாங்கள் கூட்டத்துக்கு ஒரு நாள் பிந்தித்தான் போனோம்... மலை அங்கேயேதான் இருந்தது.