ஒற்றை முழங்காலில் நின்ற கடவுள்

அன்புள்ள அடியார்களுக்கு,

சென்ற கோடையில் புயல் அடித்த நாளன்று எங்கள் வீட்டில் நடந்ததை எழுதித் தருமாறு நம் வெள்ளிக்கிழமை வழிபாட்டுக் குழுவினர் கேட்டார்கள். நான் பலநாள் தயங்கினேன். ஏனெனில் அந்தச் செய்தி எனக்கு முன்பே ஊர்சுற்றப் புறப்பட்டுவிட்டது. மின்னல் இறங்கி எங்கள் கட்டடத்தின் மின்தூக்கியை இயக்கியது என்று அஜின்கோர்ட் பகுதியில் ஒரு கடையில் என் காதுபடவே ஒருவர் சொன்னார். சுவாமித்தட்டில் இருந்த சம்மட்டி ஒளிர்ந்தது என்று வேறொருவர் சொன்னாராம். இரண்டும் நடக்கவில்லை. மின்சாரம் போனபின் மின்தூக்கி மாலைவரை அசையவே இல்லை. எங்கள் சம்மட்டி பெருவிரல் அளவான இரும்புத் துண்டு; ஒளிரும் இயல்பு அதற்கில்லை.

ஆகவே நானே கண்டதையும், உடனிருந்தவர்களிடம் மறுபடி கேட்டு உறுதிசெய்துகொண்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். நெடுங்காலம் தமிழ் கற்பித்தவள் நான். மிகைப்படுத்திச் சொல்வதன் சுவையை அறிவேன். ஆயினும் பொய்ச்சாட்சி சொல்லிக் காப்பாற்றவேண்டிய நிலையில் கடவுள் இல்லை. நான் களைத்திருக்கிறேன் என்பதும் ஒரு காரணம். களைத்தவர்களுக்குப் பொய்யை நினைவில் வைத்திருக்கும் வலு இராது.

என் கணவருக்கு நுரையீரல் தழும்பேறி இறுகிவரும் நோய். மின்சாரத்தில் இயங்கும் பொறி ஒன்று அறைக் காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து, நீண்ட குழாய் வழியாக அவருடைய மூக்குக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குழாய் எட்டும் தூரமே அவருடைய உலகம். அதன் இரைச்சலுக்குள் நாங்கள் உண்கிறோம், உறங்குகிறோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவரைத் தூக்கி இருத்துவதும் குளிப்பாட்டுவதும் குழாய் கால்களில் சிக்காமல் பார்ப்பதும் என் வேலை. என் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. யாராவது உதவிக்கு வரட்டுமா என்று கேட்டால், சமாளிக்கிறேன் என்று சொல்லிப் பழகிவிட்டேன். சொல்லிச் சொல்லி அதை நானே நம்பிவிட்டேன்.

கணவர் கனடாவுக்கு வருமுன் நோர்வேயின் வடகரையில் ஒரு மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்தவர். அங்கே அவருக்கு எதிரே நின்று மீன் வெட்டிய தொழிலாளி, விடைபெறும் நாளில், தம் கழுத்தில் கிடந்த சிறு சம்மட்டியைக் கழற்றிக் கொடுத்தார். அது அந்நாட்டார் முற்காலத்தில் வணங்கிய இடிக்கடவுளாகிய தோரின் படைக்கலம். ஆடுகள் இழுக்கும் தேரில் அவர் வானத்தில் போகும்போது எழும் ஓசையே இடி என்று நம்பினார்களாம். மனிதர் வாழும் நிலத்தின் எல்லையில் நின்று, அழிக்கவரும் அரக்கரைத் தடுப்பது அவர் தொழில். உழுதவர்களும் மீன்பிடித்தவர்களும் அவரையே நம்பியிருந்தார்கள். கணவர் அந்தச் சம்மட்டியை எங்கள் சுவாமித்தட்டில் வைரவர் சூலத்துக்கு அருகே வைத்தார். வேலினையும் சூலத்தினையும் நட்டுக் கடவுளாகவே வணங்கும் மரபில் வந்த எனக்கு அது உறுத்தவில்லை.

தோரைப் பற்றி அந்தத் தொழிலாளி சொன்ன கதை ஒன்றைக் கணவர் அடிக்கடி சொல்வார்.

"ஒருக்கா அரக்கரின்ரை மண்டபத்திலை இவரை ஒரு கிழவியோட மல்லுக்கு விட்டவை. ஆரெண்டு இவருக்குத் தெரியாது. கிழவி இவரை ஒரு முழங்காலிலை இருத்திப்போட்டா. எல்லாரும் சிரிச்சினம். பிறகுதான் சொன்னவை, அவதான் முதுமையாம். அவவோட மல்லுக்கட்டி நிண்டவன் உலகத்திலை ஒருத்தனும் இல்லையாம். மற்றச் சாமியெல்லாம் வெல்லுகினம், அது என்ன பெரிய காரியமே? இவர் தோத்தும் படுக்கேல்லை, பாத்தீரோ."

எங்கள் வீடு பதினான்காம் மாடியில் இருக்கிறது. பத்தாம் மாடியில் யூட் என்பவர் இருக்கிறார். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், வீடு மாறுபவர்களின் தளபாடங்களை ஏற்றி இறக்கும் தொழில். எங்கள் வழிபாட்டைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு.

"ரீச்சர், உங்கட சுத்தியல் சாமியை ஒருக்காக் கீழ விடுங்கோவன். என்ர கட்டில் கால் கழண்டுபோச்சு."

"அவர் அரக்கருக்குத்தான் அடிப்பார் யூட். ஆணி அடிக்கமாட்டார்" என்பார் என் கணவர்.

அன்று என் மாமனாரின் திவசம். கணவரின் தங்கை வதனி பிக்கரிங்கிலிருந்து கறிச்சட்டிகளோடு காலையிலேயே வந்துவிட்டாள். படத்துக்கு முன் வைக்க நான் பற்றறியில் எரியும் விளக்கொன்று வாங்கியிருந்தேன். ஒட்சிசன் இருக்கும் இடத்தில் தீச்சுடர் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் விதி. வதனி அந்த விளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"மச்சாள், அப்பாவுக்கு உந்த விளக்கையோ ஏத்தப்போறியள்? மனிசன் வந்து பாத்திட்டுத் திரும்பிப் போயிடும்."

அவளுடைய முகத்தைப் பார்த்து என்னால் மறுக்க முடியவில்லை. கணவரும் திரிவிளக்கே ஏற்றலாம் என்றார். பொறியோடு தாம் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மின்சாரம் போனால் பயன்படுத்துவதற்கென நாங்கள் வைத்திருந்த ஒட்சிசன் கலன்கள் வரவேற்பறையில் இருந்தன. அவை வெடிக்கும் என்று வதனி அஞ்சினாள். ஆகவே அவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மின்தூக்கியில் கொண்டுபோய், கட்டடத்தின் அடித்தளத்தில் எங்களுக்குரிய சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தோம். படையல் முடிந்ததும் மேலே கொண்டுவருவது எண்ணம். பெரும்பகுதி தீர்ந்துவிட்ட சிறு கலன் ஒன்று மட்டும் தோள்பையோடு கட்டிலருகில் இருந்தது.

எவரையும் குறைகூற இதை எழுதவில்லை. தந்தைக்கு ஒரு சுடர் ஏற்ற விரும்பினோம். அவ்வளவுதான்.

படையல் முடிந்து கற்பூரம் அணையும்போதே வானம் இருண்டுவிட்டது. பட்டப்பகலில் எதிர்க்கட்டடம் கண்ணுக்குத் தெரியவில்லை. இடி, தலைக்கு மேலே பெரிய பீப்பாய்களை உருட்டுவது போலக் கேட்டது. பிறகு மின்சாரம் போயிற்று. கணவரின் பொறி எச்சரிக்கை ஒலி எழுப்பி ஓய்ந்தது. அந்த வீட்டில் அத்தகைய அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை.

கட்டிலருகில் இருந்த கலனில் குழாயை மாட்டினேன். அதன் அளவுமுள் சிவப்புக் கோட்டின் ஓரத்தில் நின்றது. அவசர உதவியை அழைத்தேன். பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மரங்கள் சாலைகளில் விழுந்து கிடக்கின்றன, வருவார்கள், ஆனால் எப்போது என்று சொல்ல இயலாது என்றார். வதனி சுவரோடு சாய்ந்து அழத் தொடங்கினாள்.

"என்னாலைதானே மச்சாள். என்ர அண்ணையை நானே..."

"இப்ப அழாதை. கொண்ணையின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டிரு. முள்ளைப் பார்."

சாமான் அறைப் பூட்டின் திறப்பை எடுத்தேன். கணவர் கண்ணால் சுவாமித்தட்டைக் காட்டினார். சம்மட்டியை எடுத்துச் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டேன். "மெல்லப் போம்" என்றார். அந்த இரண்டு சொற்களுக்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

படிகளில் இறங்கியது எனக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. அடித்தளத்தில் கைப்பேசி வெளிச்சத்தில் பூட்டைத் திறந்தேன். ஒரு கலன் நெடுநேரம் தாங்காது; இரண்டை ஒரு பையில் இட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினேன். எங்கள் கட்டடத்தில் படிக்கட்டுக் கதவுகளைப் படிக்கட்டுப் பக்கம் நின்று திறக்க முடியாது. கீழ்த்தளம் ஒன்றுதான் வழி. ஒவ்வொரு மாடியிலும் நின்று கதவைத் தட்டி உதவி கேட்கலாம் என்று முதலில் எண்ணினேன். இரண்டு கதவுகளைத் தட்டினேன். ஒருவரும் வரவில்லை. அதன்பின் மூச்சை அதற்குச் செலவிடவில்லை. ஏறினேன். முழங்காலுக்குள் மணல் அரைபட்டது.

ஒன்பதாம் மாடி கழிந்து அடுத்த திருப்பத்தில் அந்தக் கால் என்னைக் கைவிட்டது. கலன்களை விட்டுவிடாமல் வலது முழங்காலில் விழுந்தேன். எழ முயன்றேன், முடியவில்லை. அழவும் இல்லை, அதற்கும் ஆள் வேண்டுமே. மேலே ஒருவர் காற்றுக்குத் தவிக்கிறார், அவருக்குரிய காற்று என் மடியில் கிடக்கிறது, இடையில் இருப்பது சில மாடிப் படிகள். அந்தப் படிகளைக் கடக்கும் உடல் என்னிடம் இல்லை. என் வாழ்க்கையில் நான் முற்றாகத் தோற்ற இடம் அதுதான்.

அப்போதுதான் நான் இருக்கும் நிலை எனக்குத் தெரிந்தது. ஒற்றை முழங்கால் தரையில். மற்றக் கால் ஊன்றி நிற்கிறது. தலைப்பின் முடிச்சு தொடையில் உறுத்தியது. நான் வேண்டிக்கொண்ட சொற்களை மாற்றாமல் தருகிறேன்:

"இடியின் தலைவரே, நீர் தோற்ற இடத்தில் நான் இருக்கிறேன். இதற்குமேல் விழாமல் என்னை வைத்திரும். என் வீட்டைக் காத்தருளும்."

வலிமை வேண்டும் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. சுவரில் தலையைச் சாய்த்து அசையாமல் இருந்தேன்.

மேலே கதவு திறந்தது.

"ஆர் உது? ஆர் கதவிலை இடிக்கிறது?"

யூட்டின் குரல்.

"நான்தான், ரீச்சர்."

அவர் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார். கையில் இருந்த வெளிச்சத்தை என் முகத்தில் அடித்து, பிறகு பையில் அடித்தார்.

"அண்ணைக்கோ?"

"ஓம்."

"விடுங்கோ. நீங்கள் இருங்கோ. தாங்கோ உந்தப் பையை."

பாண் வாங்கிக்கொண்டு போகிறவரைப் போலப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். அவருடைய காலடியோசை மேலே மேலே போய், எங்கள் மாடிக் கதவு திறபடுவது கேட்டது. கதவு பூட்டிக்கொள்ளாமல் இருக்க, கீழே இறங்குமுன் அதற்கிடையில் நான் ஒரு செருப்பைச் செருகியிருந்தேன்.

பிறகு நடந்தது வதனி சொன்னது. யூட் உள்ளே நுழைந்தபோது அளவுமுள் அடியைத் தொட்டிருந்தது. கணவரின் உதடுகள் நிறம் மாறியிருந்தன. அவர் விரலால் காட்டக் காட்ட, வதனி திருகியைப் பிடிக்க, யூட் புதிய கலனை மாட்டினார். நான் கைப்பிடிக் கம்பியைப் பற்றி ஊர்ந்து வீடு சேர்ந்தபோது கணவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் அவருடைய கால்மாட்டில் அமர்ந்தேன். நெடுநேரம் எழவில்லை.

யூட் மற்றக் கலன்களையும் படியேறிக் கொண்டுவந்தார். அதன்பின் திவசச் சோற்றை இலையில் இட்டு அவருக்குக் கொடுத்தோம். வியர்வை சொட்டச் சொட்ட உண்டார்.

"ரீச்சர், உங்கட சாமிக்குச் சாமான் சுமக்க வேதக்காரன்தான் கிடைச்சவனோ?"

கணவருக்கு அப்போது கொஞ்சம் குரல் வந்திருந்தது.

"அவருக்கு ஆடுதான் இழுக்கிறது, யூட். இண்டைக்கு ஆடு கிடைக்கேல்லைப்போல."

வதனி அழுதுகொண்டே சிரித்தாள்.

யூட் அந்நேரம் வீட்டில் இருக்கவேண்டியவர் அல்லர். அன்று பார்க்டேலில் ஒரு வீட்டைக் காலிசெய்து கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் காலையில் அழைத்து நாளை மாற்றிவிட்டார். இதை யூட்டிடம் பின்னர் கேட்டு அறிந்தேன். இதை அருள் என்றே நான் கொள்கிறேன். நாளை மாற்றிய அந்த வீட்டுக்காரருக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். அவரை எனக்குத் தெரியாது.

கணவர் குணமடைந்துவிட்டார் என்றும் சிலர் சொல்கிறார்கள். குணமடையவில்லை. இந்தக் குளிர்காலத்தில் அவருடைய குழாய் உலகம் இன்னும் சுருங்கியிருக்கிறது. மாறியவள் நான். சமாளிக்கிறேன் என்ற சொல்லை விட்டுவிட்டேன். யூட் வாரத்தில் சில நாட்கள் வந்து அவரைத் தூக்கிக் குளியலறையில் இருத்துகிறார். நம் குழுவில் இருவர் முறைவைத்து வருகிறார்கள். அந்த நேரம் நான் தூங்குகிறேன். மாமனாருக்குரிய விளக்கை இனி வதனி தன் வீட்டில் ஏற்றுவாள். கலன்கள் கட்டிலருகிலிருந்து அசைவதில்லை. கட்டடத்தில் மின்சாரம் நின்றால் முதலில் தட்டப்படுவது எங்கள் கதவு. வியாழன்தோறும் சம்மட்டிக்கு ஒரு பூ வைக்கிறேன். வியாழன் அக்கடவுளின் நாள் என்று கணவர் சொல்வார். சுடர் ஏற்றுவதில்லை. அவர் பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

அடியார்களே, உங்களில் பலர் நோயாளரைத் தூக்குகிறவர்கள். உங்கள் முழங்கால்களையும் நான் கண்டிருக்கிறேன். எந்தப் பெயரால் நீங்கள் வணங்கினாலும், காப்பவன் என்றால் ஒருபோதும் சாயாதவன் என்று எண்ணி உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். உலகைக் காத்த கடவுளும் ஒருமுறை முழங்காலிட்டார். அந்த நிலையிலிருந்து வேண்டிக்கொள்ளலாம். நான் வேண்டினேன், கேட்கப்பட்டது.

ஒன்று மட்டும் மிச்சம். யூட்டின் வீடு படிக்கட்டுக் கதவுக்கு அடுத்தது. அன்று ஏன் அந்தக் கதவைத் திறந்தீர் என்று அவரிடம் ஒருமுறைக்கு மேல் கேட்டேன்.

"ஆரோ இடிச்சது, ரீச்சர். கையாலை தட்டினமாதிரி இல்லை. சுத்தியலாலை போட்டமாதிரி. நான் திறக்கிற வரைக்கும் கேட்டது."

பத்தாம் மாடிக் கதவை நான் தட்டவில்லை. அதை நான் அடையவே இல்லை. அந்நேரம் இடி ஓய்ந்து வெறும் மழையாகிவிட்டது என்று வதனியும் சொல்கிறாள். விழும்போது கலன்கள் சுவரில் இடித்திருக்கலாம்; தலைப்பில் முடிந்த சம்மட்டி இரும்புக் கைப்பிடியில் பட்டிருக்கலாம். ஆனால் வேண்டிக்கொண்டபின் அந்தக் கதவு திறக்கும்வரை நான் அசையாமல் இருந்தேன். அதே மாடியில் இருக்கும் வேறொரு குடும்பத்தினரிடமும் விசாரித்தேன். அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவர் கேட்டது என்ன ஒலி என்று எனக்குத் தெரியாது.