பாட்டு பிடிச்சுதா?

"மியூசிக்கினாணோ சேச்சி, வீடியோக்காணோ?"

போன வாரம் தம்பானூர் பக்கம் ஒரு கடையில் என்னைக் கேட்ட கேள்வி இது. கையடக்க ஆடியோ ரெக்கார்டர் வாங்கப் போயிருந்தேன். கண்ணாடி மேஜை மேல் மூன்றை எடுத்து வைத்துவிட்டு, கடைக்காரர் பிஜு பதிலுக்குக் காத்திருந்தார்.

இரண்டுக்கும்தான் என்றேன். என் அக்கா பாடுவாள், அது மியூசிக். அக்கா மகள் அதை வீடியோவாக்குவாள். இதில் எந்தப் பக்கம் சாய்வது?

பிஜுவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாதி மலையாளம், பாதி தமிழ், மீதி இங்கிலீஷ் என்று பொழிந்தார். முதல் ரெக்கார்டர் சோப்பு டப்பா அளவு, கேமரா தலையிலேயே மாட்டிக்கொள்ளலாம். இரண்டாவதன் உச்சியில் இரண்டு மைக், நண்டுக் கண் மாதிரி. மூன்றாவதில் வெளி மைக் வயர்களைச் செருக அடியில் நான்கு துளைகள்... "கச்சேரிக்கு இதுதான் பெஸ்ட் சேச்சி." முப்பத்திரண்டு பிட் ஃப்ளோட் என்று ஒன்று இருக்கிறதாம். முணுமுணுத்தாலும் சரி, கத்தினாலும் சரி, சத்தத்தின் அளவை முன்கூட்டியே திருகி வைக்க வேண்டாம், அப்புறம் சரிசெய்துகொள்ளலாம். காற்று அடித்தால் மைக்குக்கு ஒரு பஞ்சுத் தொப்பி. பேட்டரி எத்தனை மணி நேரம், கார்டு எத்தனை ஜிபி...

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில் நான் கேட்டது ஒன்றே ஒன்று.

"பாட்டு பிடிக்கிறப்போ லைட் எரியுமா?"

"எரியும்."

"எவ்வளவு பெரிசா?"

பிஜு என்னை ஒரு மாதிரி பார்த்தார். முப்பத்திரண்டு பிட்டை விட்டுவிட்டு பல்பு விசாரிக்கும் ஆளை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. அவருக்கு என்ன தெரியும்? எனக்கும் ரெக்கார்டர்களுக்கும் நாற்பது வருஷப் பகை.

அதற்கு முன்னால், இப்போதைய கதை. அக்கா கோமதிக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. பயப்பட ஒன்றுமில்லை, எடுத்துவிட்டால் போதும் என்றார் டாக்டர். நாங்கள் எழுந்து வெளியே வரும் நேரத்தில், சும்மா சொல்வதுபோல் இன்னொன்றும் சொன்னார். குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. பேச்சில் பெரிய வித்தியாசம் இருக்காது. பாடும்போது மட்டும் மேல் ஸ்தாயி... ஏறாமல் போகலாம். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு.

அக்கா பாடகி இல்லை. மேடை ஏறியதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். ஆனால் ஸ்ரீவராகத்தில் அவள் வீட்டைக் காலையில் கடந்து போகிறவர்களுக்குப் பாட்டு நிச்சயம். துணி உலர்த்தும்போது ஒன்று, கீரை ஆயும்போது ஒன்று. போனை நீட்டினால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காதான் தேற்றினாள். எங்களில் நோயாளி யார் என்று ஆட்டோக்காரருக்குக் குழப்பம்.

அன்று சாயங்காலமே கொச்சியிலிருந்து அக்கா மகள் சித்ராவின் போன். "சித்தி, ஆபரேஷனுக்கு முன்னாடி அம்மா பாட்டைப் பிடிச்சு வைங்க. போன்ல வேண்டாம், குளிமுறிக்குள்ள தண்ணி ஊத்திக்கிட்டுப் பாடற மாதிரி இருக்கும். நல்ல ரெக்கார்டரா வாங்குங்க. வீடியோ சேர்க்கறதை நான் பாத்துக்கறேன்."

பிடிச்சு வைங்க. கவனித்தீர்களா? எங்கள் ஊர்த் தமிழில் பாட்டைப் பதிவு செய்ய மாட்டோம், பிடிப்போம். மலையாளத்தில் ஊறிய நாக்கு. படம் பிடிக்கலாம் என்றால் பாட்டு பிடிக்கக் கூடாதா? இங்கே யாராவது "பாட்டு பிடிச்சுதா?" என்று கேட்டால், டேப்பில் ஏறியதா என்றுதான் முதலில் அர்த்தம். ரசித்தாயா என்பதெல்லாம் அப்புறம்.

இந்த ஒரு சொல்லில்தான் அக்காவின் கல்யாணமே நடந்தது.

நான் ப்ரீ-டிகிரி படித்துக்கொண்டிருந்த சமயம். அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை திருநெல்வேலிக்காரர், வேலைக்காக இங்கே வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பெண்ணைப் பாடச் சொல்வார்கள் என்பது தெரிந்த விஷயம். அக்காவுக்கு ஓர் ஆசை. "என் சத்தம் வெளியில எப்படி இருக்கும்னு ஒரு தடவை கேக்கணும்டி." பக்கத்து வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப்ரெக்கார்டரை அப்பா இரவல் வாங்கி வந்தார். அதை இயக்கும் பொறுப்பு எனக்கு. வேறு யாருக்கும் தெரியாது என்ற ஒரே தகுதி... எனக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அந்த மிஷினில் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தவேண்டும். கறுப்பு அழுத்தினால் கேசட் ஓடும். கூடவே சிவப்பும் அமுங்கினால்தான் பிடிக்கும்.

அக்கா பாடினாள். அம்மா சொல்லிக்கொடுத்த நவராத்திரிப் பாட்டு. கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. பாடி முடித்து, தலையை நிமிர்த்தாமல், மெல்லிய குரலில் என்னிடம் கேட்டாள், "பிடிச்சுதா?"

அப்போதுதான் மிஷினைப் பார்த்தேன். சிவப்பு பட்டன் அமுங்காமல் மேலேயே நின்றது.

வாயைத் திறந்தேன்.

"பிடிச்சுது" என்று ஒரு குரல். மாப்பிள்ளை. அக்கா தன்னிடம் கேட்டதாக நினைத்துக்கொண்டார் பாவம். பிறகு அவர் அம்மா சிரித்தார், எங்கள் அப்பா சிரித்தார், அடுத்த மாதமே முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். டேப்பை யார் நினைத்தார்கள்?

அக்கா நினைத்தாள். இரண்டு நாள் கழித்து, போட்டுக் காட்டு என்றாள். என்ன செய்வேன்? கேசட்டின் ரிப்பனை விரலை விட்டு இழுத்துச் சிக்காக்கி அவள் முன்னால் வைத்தேன். "டேப் மாட்டிக்கிச்சுக்கா." அவள் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "போட்டு, சாரமில்லை" என்றாள், போகட்டும் பரவாயில்லை என்பதுபோல். திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

நல்லவேளை, "பிடிச்சுது" கதை அந்தக் கேசட்டைவிடப் பிரபலமாகிவிட்டது. எந்தக் கல்யாண வீட்டிலும் அக்கா அதைச் சொல்வாள். "எல்லார் முன்னாலயும் சொன்னாராக்கும்" என்று முடிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

கடைக்குத் திரும்புவோம். நண்டுக் கண் ரெக்கார்டருக்குத்தான் லைட் பெரிசு. அதையே எடுத்தேன். பிஜு ஓர் எச்சரிக்கை கொடுத்தார். சிவப்பு பட்டனை ஒரு தடவை அழுத்தினால் லைட் சிமிட்டும், திரையில் கோடுகள் ஆடும், பிடிப்பது மாதிரியே இருக்கும்... ஆனால் பிடிக்காது. அது வெறும் தயார் நிலை. இரண்டாவது தடவை அழுத்தி, லைட் நின்று எரிந்தால்தான் பிடிக்கும். மூன்று முறை செய்து காட்டினார். நானும் மூன்று முறை செய்தேன். முன்பு இரண்டு பட்டனை ஒரு தடவை, இப்போது ஒரு பட்டனை இரண்டு தடவை. இதற்குத்தான் நாற்பது வருஷம் ஆராய்ச்சி செய்தார்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். ஃபேனை நிறுத்தினேன். ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் முடியும்வரை காத்திருந்தோம்.

"எடி, ஆபரேஷன் வியாழக்கிழமைதானே? நீ இன்னிக்கே கத்தியத் தூக்கிட்டு வந்துட்டியே" என்றாள் அக்கா. ஆனாலும் நல்ல புடவை கட்டியிருந்தாள்.

படத்துக்கு போனை ஸ்டாண்டில் நிறுத்தினேன். ரெக்கார்டரை ஸ்டூலில் வைத்தேன். படத்தையும் சத்தத்தையும் பிறகு பொருத்துவதற்கு ஆரம்பத்தில் ஒரு கைதட்டு வேண்டும் என்று சித்ரா சொல்லியிருந்தாள். தட்டினேன்.

"பாடறதுக்கு முந்தியே கைதட்டலா? கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா.

பட்டனை அழுத்தியிருந்தேன். சிவப்பு லைட் தெரிந்தது. கோடுகள் ஆடின. பாடு என்று தலையசைத்தேன். அக்கா கண்ணை மூடினாள்.

"நில்லு."

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அத்தான்.

"லீலா, அது கண்ணைச் சிமிட்டுதுலா. இன்னொரு தடவை அமுக்கணுமோ என்னவோ, பாரு."

பார்த்தேன். சிமிட்டியது. மூன்று முறை பழகியும், கடையிலேயே பெரிய லைட்டைத் தேடி வாங்கியும், மறுபடி அதே தப்பு.

"எப்படி அத்தான் கவனிச்சீங்க?"

"அன்னிக்குப் பாத்துட்டுச் சும்மா இருந்துட்டேன். இன்னிக்கும் சும்மா இருக்க முடியுமா?"

"என்னிக்கு?" என்றாள் அக்கா.

அத்தான் பேப்பரை மடித்தார். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு. மிஷின் என் முன்னாலலா இருந்துச்சு. சிவப்பு பட்டன் அமுங்கவே இல்ல. நீ பாடி முடிச்சு இவகிட்ட பிடிச்சுதான்னு கேட்ட. இவ மூஞ்சி செத்துப் போச்சு. அத்தனை பேர் முன்னால பிள்ளை ஏச்சு வாங்கப்போகுதேன்னு... நான் பிடிச்சுதுன்னு சொல்லிட்டேன்."

நாற்பது வருஷமாக அவரை ஒன்றும் புரியாத திருநெல்வேலிக்காரர் என்று சிரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "டேப்பை நான்தான்க்கா சிக்காக்கினேன்" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. அவள் பார்த்தது அத்தானை.

"அப்போ... அன்னிக்கு நீங்க என் பாட்டைச் சொல்லலையா?"

ஃபேனும் ஓடாத அந்த அறையில் அவள் குரல் அவ்வளவு சின்னதாக இருந்தது. கல்யாண வீடுகளில் எத்தனை முறை சொன்ன கதை. எனக்கு அழவேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்ததற்காக அத்தானைத் திட்டவேண்டும் போலவும் இருந்தது.

அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நீ இப்போ பாடு, கோமு. பாடிட்டு என்கிட்டயே கேளு."

இரண்டாவது தடவை அழுத்தினேன். லைட் நின்று எரிந்தது. மறுபடி கைதட்டு. அக்கா தொடங்கினாள்... அதே நவராத்திரிப் பாட்டு. முதல் வரி நடுங்கியது. இரண்டாவது வரியில் சரியாகிவிட்டது. மேலே ஏறும் இடம் வந்ததும் துளி நிறுத்தி, மூச்செடுத்து, ஏறினாள். நான் லைட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முடித்ததும், தலையை நிமிர்த்தி, அத்தானிடம் கேட்டாள், "பிடிச்சுதா?"

"பிடிச்சுது."

நீங்கள் இதைப் படிக்கும்போது ஆபரேஷன் முடிந்திருக்கும். மேல் ஸ்தாயி திரும்ப வருமா வராதா, இப்போதைக்கு யாருக்கும் தெரியாது. கார்டில் அது இருக்கிறது. நான்கு பிரதி எடுத்து வைத்துவிட்டேன். கடைசியில் வரும் பேச்சை வெட்டிவிடட்டுமா என்று சித்ரா கேட்டாள். தொட்டால் கையை ஒடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏனென்றால், அத்தான் அந்தப் பதிலைச் சொன்னபோது நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் லைட்டைப் பார்க்கவே இல்லை.